மாஜிஸ்திரேட் கோர்ட்டைக் களமாக வைத்துத் தொடர் எழுத உட்காருகிறவர்களுக்கு

நீதிபதி மரச் சுத்தியலைத் தட்டி “ஆர்டர், ஆர்டர்” என்று கத்தும் காட்சி உங்கள் பிரதியில் இருந்தால் முதலில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். இந்திய நீதிமன்றங்களில் அந்தச் சுத்தியல் கிடையாது. கண்ணைக் கட்டிய நீதிதேவதை பொம்மையும் தாலுகா கோர்ட்டு மேஜையில் நிற்பதில்லை. பகவத் கீதையின் மேல் கைவைத்துச் சத்தியம் வாங்குவதும் இல்லை. இவையெல்லாம் சினிமா சினிமாவைப் பார்த்தே கற்றுக்கொண்டவை.

உள்ளூர் மாஜிஸ்திரேட் ஒருவரை நடுவில் நிறுத்தித் தொலைக்காட்சித் தொடர் எழுத நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழக்கறிஞர் தொழிலில் இருந்துகொண்டே கதை விவாதங்களில் உட்கார்ந்த பழக்கத்தில் சொல்கிறேன்: வக்கீலை நாயகனாக்கினால் உங்களுக்கு வசனம் கிடைக்கும், மாஜிஸ்திரேட்டை நாயகியாக்கினால் முடிவெடுக்கும் கணங்கள் கிடைக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு முடிவு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் அன்றிரவு எங்கே படுப்பார் என்பதைத் தீர்மானிக்கிறது. கொலைவழக்கு வாதப் பிரதிவாதத்தை விட்டுவிட்டு இந்தச் சிறு முடிவுகளைப் பிடித்துக்கொண்டால் தொடர் தானாக நகரும்.

முதல் வேலை: எந்த மாஜிஸ்திரேட் என்று முடிவு செய்வது

தாசில்தாரும் மாஜிஸ்திரேட்தான், ஆர்.டி.ஓ.வும் மாஜிஸ்திரேட்தான். ஆனால் அவர்கள் வருவாய்த் துறையைச் சேர்ந்த செயல்துறை நடுவர்கள். தடை உத்தரவு போடுவது, நன்னடத்தைக்குப் பிணைப்பத்திரம் எழுதி வாங்குவது, திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இறந்தால் விசாரிப்பது எல்லாம் அவர்கள் பக்கத்து வேலை. வழக்கை விசாரித்துத் தண்டனை கொடுப்பவர் குற்றவியல் நடுவர். அவர் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர். கலெக்டர் போன் செய்து அவருக்கு உத்தரவு போடுவதுபோல் எழுதினால், கோர்ட் வாசலை ஒருமுறை மிதித்தவர்கூடச் சிரிப்பார்.

நீங்கள் புதியவர் என்றால் சென்னையை விடுங்கள். சிறிய ஊர் ஒன்றில் ‘மாவட்ட உரிமையியல் மற்றும் குற்றவியல் நடுவர் நீதிமன்றம்’ என்று பலகை மாட்டிய கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சிவில் வழக்கையும் கிரிமினல் வழக்கையும் விசாரிப்பவர் ஒரே ஆள். அண்ணன் தம்பி வரப்புத் தகராறு சிவில் வழக்காக ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அதே வரப்பில் மண்வெட்டிக் காம்பால் அடித்துக்கொண்ட வழக்கு இன்னொரு காகிதக் கட்டாக அதே மேஜைக்கு வரும். கதாசிரியருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

நாயகியின் வயதையும் யோசித்து வையுங்கள். தேர்வாணையத் தேர்வு எழுதி உரிமையியல் நீதிபதியாக நேரடியாக வருபவர்கள் இவர்கள். சட்டக் கல்லூரியிலிருந்து நேரே வரும் வழி சில காலம் திறந்திருந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று திரும்பக் கொண்டுவந்தது. ஆகவே பழைய வழியில் வந்தவர் என்றால் முப்பதுக்குள் இருக்கும் பெண்ணின் முன்னால் முப்பது வருட அனுபவமுள்ள வக்கீல்கள் நிற்பார்கள். அந்த இழுபறியே ஒரு பாத்திரப் படைப்பு. வழக்கமாகச் சொந்த ஊரில் பணி தரமாட்டார்கள், சில ஆண்டுகளில் மாற்றல் வந்துவிடும். உங்கள் தொடருக்கு முடிவு அங்கேயே தயாராக இருக்கிறது. அவரைச் சுட்டுக் கொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அவருடைய அதிகாரத்தின் எல்லையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். முதல் வகுப்புக் குற்றவியல் நடுவர் அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். சமூக சேவையும் விதிக்கலாம். 7 ஆண்டு வரை போக மாவட்டத் தலைமைக் குற்றவியல் நடுவருக்கே அதிகாரம். தூக்கு, ஆயுள் என்ற சொற்கள் நம் நாயகியின் வாயிலிருந்து தீர்ப்பாக வரவே வராது.

இரண்டாவது: போய் உட்காருங்கள்

நீதிமன்றம் பொது இடம். மூடிய அறையில் நடத்தச் சட்டம் சொல்லும் வழக்குகள் தவிர மற்றவற்றை யாரும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். காலை பத்தரை மணிக்கு முன்பே போய்விடுங்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள், படம் எடுப்பது, பதிவு செய்வது இரண்டும் கூடாது. நோட்டில் குறிப்பெடுத்தால் நீதிமன்றக் காவலர் வந்து யாரென்று கேட்பார்; உண்மையைச் சொல்லுங்கள். அன்றைய வழக்குப் பட்டியல் இ-கோர்ட்ஸ் தளத்தில் முதல் நாளே கிடைக்கும். அதைப் பார்த்துச் சாட்சி விசாரணை உள்ள நாளாகப் போனால் நல்லது.

மேடைக்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் பெஞ்ச் கிளார்க்கைக் கவனியுங்கள். வழக்குக் கட்டை எடுத்து நீட்டுவது, அடுத்த வாய்தாத் தேதியைச் சொல்வது, எந்தக் கட்டு எங்கே கிடக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது எல்லாம் அவர்தான். வாசலில் நின்று பெயர் கூப்பிடும் டவாலி, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒருவராக வந்து நிற்கும் கோர்ட் ஏட்டு, கையில் பத்துக் கட்டோடு ஓடும் வக்கீல் குமாஸ்தா, அரசுக்காக வாதாடும் ஏ.பி.பி. என்று இவர்கள் தினமும் ஒருவரையொருவர் பார்ப்பவர்கள். தொடருக்குத் தேவையான நிரந்தரப் பாத்திரங்கள் இவர்களே. வழக்குகள் வரும், போகும். குமாஸ்தாவுக்கும் பெஞ்ச் கிளார்க்குக்கும் இடையே ஓடும் கொடுக்கல் வாங்கல், பகை, மரியாதை எல்லாம் நூறு எபிசோடு தாங்கும்.

வெளியேயும் சுற்றுங்கள். ஜெராக்ஸ் கடை, டீக்கடை, மனு டைப் அடிப்பவரின் மரத்தடி மேஜை, வேப்பமரத்தடியில் துருப்பிடித்துக் கிடக்கும் பறிமுதல் பைக்குகள். சாட்சிகள் பிறழ்வது கூண்டில் அல்ல, பெரும்பாலும் அந்த டீக்கடையில்.

மூன்றாவது: கதை நடக்கும் தேதி

2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ்.எஸ்., சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பி.எஸ்.ஏ. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டப் பிரிவே பொருந்தும். ஆக, இன்றைய மாஜிஸ்திரேட் மேஜையில் இரண்டு தலைமுறைச் சட்டமும் கலந்து கிடக்கும். பழைய வக்கீல்கள் வாயில் பழைய எண்களே இன்னும் வருகின்றன. மாஜிஸ்திரேட் வாங்கும் வாக்குமூலத்தை இப்போதும் ‘ஒன் சிக்ஸ்டி போர்’ என்கிறார்கள். புதிய எண் 183. வயதான வக்கீல் பாத்திரம் பழைய எண்ணைச் சொல்லட்டும், இளம் ஏ.பி.பி. புதியதைச் சொல்லட்டும். ஒரு வரி விளக்கம் இல்லாமல் இருவரின் வயதும் தெரிந்துவிடும்.

நான்காவது: வழக்குகளைப் பொறுக்குவது

புதியவர்கள் எல்லாரும் கொலையில் கைவைக்கிறார்கள். கொலைவழக்கை மாஜிஸ்திரேட் விசாரிப்பதில்லை. எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, ரிமாண்ட் செய்வார் (காவலில் வைக்க உத்தரவிடுவார்), வாக்குமூலம் பதிவு செய்வார், குற்றப்பத்திரிகை வந்ததும் நகல்களைக் கொடுத்துச் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்த வழக்குக்கு அவரிடம் இருக்கும்வரை பி.ஆர்.சி. என்று ஒரு எண். மற்றபடி அவர் விசாரிக்கும் வழக்குகளுக்கு சி.சி. எண், சுருக்க விசாரணை வழக்குகளுக்கு எஸ்.டி.சி. எண். கலை இயக்குநரிடம் இதைச் சொல்லிவைத்தால் கட்டின் மேலட்டையில் சரியான எழுத்து இருக்கும்.

அவரிடம் உண்மையில் குவிவது வேறு. திருட்டு, அடிதடி, ஆபாசமாகத் திட்டியது, கொலை மிரட்டல், குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, சூதாட்டம், செக் மோசடி. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மனைவி கொடுக்கும் மனு. குடும்ப நல நீதிமன்றம் இல்லாத இடத்தில் ஜீவனாம்சம். இவற்றைச் சின்ன வழக்கு என்று ஒதுக்காதீர்கள். செக் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: பணமில்லை என்று செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்குக் கொடுத்த வெற்றுச் செக்கில் தொகையை யார் நிரப்பினார்கள் என்பது ஒரு குடும்பக் கதையை முழுதாகத் தூக்கிச் சுமக்கும்.

நகைச்சுவை வேண்டுமா? சேவல்கட்டில் போலீஸ் பிடித்த சேவல்களை எழுதுங்கள். உயிருள்ள வழக்குச் சொத்து. யார் வைத்துக்கொள்வது, யார் தீனி போடுவது, சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதா, ஏலம் விடுவதா என்று முடிவு சொல்ல வேண்டியவர் மாஜிஸ்திரேட். மேல்கோர்ட் தீர்ப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் பெண்ணின் தீவிர முகமும் ஜன்னலுக்கு வெளியே கூவும் சேவலும் போதும். பின்னணி இசைக்காரர் சும்மா இருக்கலாம்.

ஐந்தாவது: ரிமாண்டை எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தத் தொழிலின் உயிர்நிலை இதுதான். உங்கள் முதல் எபிசோடும் இதுவாகவே இருக்கட்டும்.

கைது செய்தவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. 24 மணி நேரம் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்காது. எனவே இரவு பதினொரு மணிக்கு மாஜிஸ்திரேட் குடியிருப்பின் வாசலில் ஜீப் வந்து நிற்கும். நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் ரிமாண்ட் அறிக்கையை விரித்துப் படிக்கும் பெண்ணைக் காட்டுங்கள். எதிரே ஒரு இளைஞன் நிற்கிறான். கூடவே ஒரு எஸ்.ஐ., இரண்டு காவலர்கள்.

அவர் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. எப்போது பிடித்தார்கள்? எதற்காக என்று சொன்னார்களா? வீட்டுக்குத் தகவல் போயிற்றா? வக்கீல் இருக்கிறாரா, இல்லையென்றால் சட்டப்பணிகள் குழு மூலம் வைத்துத்தரவா? அடித்தார்களா? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது எஸ்.ஐ. அதே அறையில் நின்றால் அவன் “இல்லை” என்றுதான் சொல்வான். காவலர்களை வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி கேட்கிறாரா, “இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறாரா? மருத்துவச் சான்றில் ‘காயம் இல்லை’ என்று இருக்கிறது. அவன் ஒரு காலில் பாரம் கொடுக்காமல் நிற்கிறான். உங்கள் நாயகி யார் என்பது இந்த இடத்தில் பார்வையாளருக்குத் தெரிந்துவிடும்.

இது கற்பனைச் சிக்கல் அல்ல. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையையும் மகனையும் போலீஸ் பிடித்துச் சென்றது. மறுநாள் ரிமாண்ட் ஆகி கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குப் போனார்கள். 22ஆம் தேதி இரவு மகனும் அடுத்த நாள் காலை தந்தையும் இறந்தார்கள். ரிமாண்ட் செய்த விதம் பற்றிய கேள்விகள் நாடு முழுக்க எழுந்தன. அதன்பின் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கோவில்பட்டி நடுவரை அதே காவல் நிலையத்துக்கு விசாரிக்க அனுப்பியது. அங்கே தம்மைப் போலீஸார் மிரட்டும் வகையில் நடத்தினார்கள் என்று அவர் அறிக்கை கொடுத்தார். ஒரே சம்பவத்தில் மாஜிஸ்திரேட் என்ற பதவியின் இரண்டு முகமும் தெரிந்தது. அந்தக் குடும்பத்தின் கதையைத் திருடி எழுதாதீர்கள். பதவியின் எடையைப் புரிந்துகொள்ள மட்டும் படியுங்கள்.

ரிமாண்டை மறுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் தேவையில்லாமல் கைது செய்யாதீர்கள், நடுவர்களும் கண்ணை மூடிக்கொண்டு ரிமாண்ட் செய்யாதீர்கள் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊரின் பெரிய மனிதர் புகார் கொடுத்த வழக்கில் ரிமாண்டை மறுத்துவிட்டு மறுநாள் காலை அதே ஊரின் கடைத்தெரு வழியே கோர்ட்டுக்குப் போகட்டும். யாரும் மிரட்ட வேண்டாம். பால்காரர் அன்றைக்கு மட்டும் தாமதமாக வந்தால் போதும்.

தொடரின் முதுகெலும்புக்கும் இங்கே ஒரு கணக்கு கிடைக்கிறது. ரிமாண்டை ஒரு தடவைக்கு 15 நாளுக்கு மேல் கொடுக்க முடியாது. குற்றப்பத்திரிகையைப் போலீஸ் 60 நாளுக்குள், பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனையுள்ள பெரிய குற்றமானால் 90 நாளுக்குள், தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் எதிரி கேட்டாலே பிணை. ஆதாரம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் மறுக்க முடியாது. அறுபதாம் நாள் மாலை ஐந்து மணிக்குப் போலீஸ் ஜீப் பஞ்சராகி நிற்கிறது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல வேண்டும்?

ஆறாவது: மேடையை விட்டு இறக்குங்கள்

மாஜிஸ்திரேட் கறுப்புக் கோட்டோடு மேடையிலேயே உட்கார்ந்திருந்தால் தொடர் செத்துவிடும். சட்டமே அவரை வெளியே இழுக்கிறது. அடையாள அணிவகுப்பு நடத்தச் சிறைக்குப் போவார்: எதிரியைப் போன்ற உருவமுள்ள பலரோடு அவனை நிறுத்தி, எங்கே நிற்க வேண்டும் என்று அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, சாட்சியை அழைத்துக் காட்டச் சொல்வார். போலீஸ் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்க வருபவனிடம், “நீ சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே அது பயன்படும்” என்று முதலில் எச்சரிப்பார். யோசிக்க அவகாசம் கொடுப்பார். அவன் மனம் மாறி மறுத்தால் போலீஸ் காவலுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. போலீஸிடம் அவன் கொடுத்த ஒப்புதலோ நீதிமன்றத்தில் செல்லாது. “ஸ்டேஷனில் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான்” என்பதை வைத்துத் தண்டனை வாங்கும் காட்சிகளைத் தயவுசெய்து எழுதாதீர்கள்.

பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்தை இயன்றவரை பெண் நடுவரே பதிவு செய்ய வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. உங்கள் நாயகி பெண்ணாக இருந்தால் பக்கத்து ஊர் வழக்குகளும் அவரைத் தேடி வரும்.

இருப்பதிலேயே கனமான காட்சி மரண வாக்குமூலம். நடு இரவில் அரசு மருத்துவமனையிலிருந்து கடிதம் வரும்: தீக்காயத்தோடு ஒரு பெண், நிலைமை மோசம். மாஜிஸ்திரேட் கிளம்பிப் போவார். உறவினர், போலீஸ் எல்லாரும் வெளியே. பணியில் இருக்கும் டாக்டர், “நினைவோடும் வாக்குமூலம் கொடுக்கும் நிலையிலும் இருக்கிறார்” என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிறகு சின்னக் கேள்விகள். உன் பெயர் என்னம்மா? இப்போது எங்கே இருக்கிறாய்? நான் யார் தெரியுமா? சுயநினைவைச் சோதித்த பிறகுதான், “எப்படி நடந்தது?” என்ற கேள்வி. அவர் சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே, கேள்வியும் பதிலுமாக எழுத வேண்டும். “புருஷன்தானே கொளுத்தினான்?” என்று எடுத்துக் கொடுக்கக் கூடாது. முடிந்ததும் வாசித்துக் காட்டி ரேகை வாங்க வேண்டும். கை வெந்து போயிருந்தால் கால் பெருவிரல் ரேகை.

வசனம் எழுதுபவர்கள் இங்கேதான் கெடுப்பார்கள். நீளமாகப் பேச வைப்பார்கள். வேண்டாம். “ஸ்டவ் வெடித்தது” என்று மட்டும் அவள் சொல்லட்டும். மாஜிஸ்திரேட் அதை நம்பவில்லை. ஆனால் எழுத வேண்டியது அதைத்தான். கதவுக்கு வெளியே அவளுடைய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியார் நிற்கிறார்.

இதன் தொடர்ச்சியையும் எழுதுங்கள். வழக்கு செஷன்ஸுக்குப் போகும்போது இதே மாஜிஸ்திரேட் அரசு தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். அவருடைய கோர்ட்டில் கைகட்டி நின்ற வக்கீலே குறுக்கு விசாரணை செய்வார்: “டாக்டர் எத்தனை மணிக்குச் சான்று கொடுத்தார்? நீங்கள் கைக்கடிகாரம் பார்த்தீர்களா?” அந்தப் பெண் ஒருவேளை பிழைத்துக்கொண்டால் அது மரண வாக்குமூலம் ஆகாது, வெறும் முந்தைய வாக்குமூலம். அவளே கூண்டில் ஏறி மாற்றிச் சொல்லலாம். இரண்டு முடிவும் உங்கள் கையில்.

ஏழாவது: கூண்டில் பேசும் தமிழ்

தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. சாட்சி ஒருவிதமாகப் பேசுவார், தட்டச்சில் வேறுவிதமாக ஏறும். இந்த இடைவெளி தெரியாமல் யாரும் கோர்ட் வசனம் எழுத முடியாது.

வக்கீல் கேட்கிறார்: “சம்பவம் நடந்த இடத்தில் தெருவிளக்கு வெளிச்சம் கிடையாது, சரிதானே?” கிழவர் சொல்கிறார்: “பஞ்சாயத்து லைட் இருக்கிறது ஐயா. அது என்றைக்கு எரிந்தது?” மாஜிஸ்திரேட் தட்டச்சரைப் பார்த்துச் சொல்வது: “சம்பவ இடத்தில் தெருவிளக்கு உள்ளது. சம்பவத்தின்போது அது எரியவில்லை என்று சொன்னால் சரிதான்.” கிழவர் சொன்னது பஞ்சாயத்தின் மீது ஒரு புகார். பதிவானது எதிரிக்குச் சாதகமான ஒரு வரி. ஏ.பி.பி. எழுந்து, “அன்று எரிந்ததா இல்லையா என்று சாட்சி சொல்லவில்லை ஐயா” என்று தடுக்கிறாரா, போனில் மூழ்கி இருக்கிறாரா? மாஜிஸ்திரேட் தானே கிழவரிடம் திரும்பி, “அன்றைக்கு ராத்திரி எரிந்ததா பெரியவரே?” என்று கேட்கிறாரா? ஒரு வாக்கியத்தைச் சுற்றி மூன்று பேர். கத்தல் தேவையில்லை.

குறுக்கு விசாரணையின் முடிவில் வக்கீல் தன் தரப்பு வாதத்தை வரிசையாக வைப்பார்: நீங்கள் சம்பவத்தைப் பார்க்கவே இல்லை, வரப்புத் தகராறு முன்விரோதத்தில் பொய் சாட்சி சொல்கிறீர்கள். பதிவு இப்படி இருக்கும்: “பொய் சாட்சி சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல.” கோர்ட்டில் வந்து நிற்கும் எதிரியை ‘ஆஜர் எதிரி’ என்பார்கள், அரசு தரப்புச் சாட்சிகள் அ.சா.1, அ.சா.2, சான்றுப் பொருளான கத்தியும் கட்டையும் சா.பொ.1, சா.பொ.2. பழைய சாட்சிய நகல்கள் சிலவற்றை ஒரு வக்கீலிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். காதில் தாளம் ஏறிவிடும்.

சாட்சி தன் பக்கத்து வக்கீலிடம் பதில் சொல்லும் முதல் விசாரணையில், பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கக் கூடாது. குறுக்கு விசாரணையில் கேட்கலாம். சினிமா வக்கீல்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்.

அழைக்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாக: ‘மை லார்ட்’ வேண்டாம். கீழமை நீதிமன்றங்களில் ‘சார்’ அல்லது அதற்கு ஈடான உள்ளூர்ச் சொல் போதும் என்று பார் கவுன்சில் 2006இலேயே விதி வகுத்துவிட்டது. ‘ஐயா’, ‘அம்மா’, ‘மேடம்’ மூன்றும் கேட்கும். பழைய வக்கீல் ‘யுவர் ஆனர்’ என்றால் அதுவும் இயல்பே. கோட்டும் கழுத்துப் பட்டையும் உண்டு, அங்கி கீழ்க்கோர்ட்டில் கட்டாயம் இல்லை. உறுதிமொழி, கடவுள் பெயராலோ மனசாட்சிப்படியோ, வெறும் வாயால். எதிரி தன்னைச் சாட்சியாக விசாரிக்கச் சொல்லிக் கேட்டாலன்றி அவருக்கு உறுதிமொழியே கிடையாது.

எட்டாவது: தீர்ப்பு

கை தட்டல், கண்ணீர், கட்டிப்பிடித்தல் எல்லாவற்றையும் வெட்டுங்கள். பெரும்பாலான தீர்ப்பு நாள்கள் இப்படித்தான்: பெயர் கூப்பிடுவார்கள், எதிரி கூண்டில் ஏறுவார், “குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை” என்று ஒரு வரி, அடுத்த கட்டு. விடுதலையானவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டே இருப்பார். குமாஸ்தா சட்டையைப் பிடித்து இழுத்து இறக்குவார்.

தண்டனையிலும் பல வகை உண்டு. சிறு குற்றங்களுக்கு ‘நீதிமன்றம் கலையும் வரை’ சிறை: அன்று மாலைவரை கோர்ட்டிலேயே ஒரு ஓரமாக உட்கார வேண்டும், அவ்வளவே. முதல் தடவை குற்றவாளியானவர், திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள், பொருளும் திரும்பிவிட்டது என்றால் சமூக சேவை. இளைஞன் என்றால் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி கண்டித்தோ கண்காணிப்பிலோ விடலாம். அதற்கு நன்னடத்தை அலுவலர் அவன் வீட்டுக்குப் போய் விசாரித்து அறிக்கை தருவார். அந்த அலுவலரின் வருகை ஒரு முழு எபிசோடு. மூன்றாண்டு வரை தண்டனை கொடுத்தாலும், ஏற்கெனவே பிணையில் இருப்பவர் மேல்முறையீடு செய்யப் போகிறேன் என்றால் அதே கோர்ட்டே தண்டனையை நிறுத்திவைத்துப் பிணை தர வேண்டும். ‘குற்றவாளி’ என்று தீர்ப்புக் கேட்டவர் அன்று மாலை அதே டீக்கடையில் நிற்பார், அவர் மீது புகார் கொடுத்தவரும் அங்கேயே நிற்பார். அந்தக் காட்சியை யாரும் இன்னும் சரியாக எழுதவில்லை என்பது என் அபிப்பிராயம்.

படப்பிடிப்புக்கு முன்

சிறுவர்கள் எதிரியாக வரும் வழக்கை இந்தக் கோர்ட் அரங்கில் எடுக்காதீர்கள். அவர்களுக்கு இளைஞர் நீதிக் குழுமம். ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்து உட்காருவார்கள், கூண்டு கிடையாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குக்குச் சிறப்பு நீதிமன்றம். உண்மைச் சம்பவத்தைத் தழுவினால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் ஊர், பள்ளி, தெரு எல்லாவற்றையும் மாற்றுங்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்கள், சிறுவர்கள் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். இன்னும் விசாரணையில் இருக்கும் வழக்கைத் தொடவே வேண்டாம்.

பிரதியைச் சரிபார்க்க ஒரு வக்கீலைப் பிடிப்பீர்கள். நல்லது. அவரோடு ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க் ஒருவரையும் பிடியுங்கள். வக்கீலுக்குத் தன் வழக்குதான் தெரியும், கிளார்க்குக்குக் கோர்ட் தெரியும். முழு வசனம் எழுதிய பிறகு கொடுக்காதீர்கள். அப்போது எந்தத் திருத்தம் சொன்னாலும், “காட்சி போய்விடும் சார்” என்று இயக்குநர் மல்லுக்கு நிற்பார். ஒவ்வொரு வழக்குக்கும் கைது, ரிமாண்ட், குற்றப்பத்திரிகை, சாட்சி, தீர்ப்பு என்று தேதி போட்டு ஒரு பக்கம் எழுதி அதை முதலில் காட்டுங்கள். தேதிகள் இடித்தால் கிளார்க் உடனே சொல்லிவிடுவார். அவருக்குப் பயணப்படியும் சம்பளமும் ஒழுங்காகக் கொடுத்துவிடுங்கள், பெயரையும் டைட்டிலில் போடுங்கள்.